கணினியில் உள்ள படங்களை மீண்டும் கேமரா கார்டுக்கு மாற்றுவது எப்படி?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்):
வணக்கம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாசிமகத் தீர்த்தவாரியின்போது எடுத்த படங்கள் கணினியில் உள்ளன. கேமராவை டிவியுடன் இணைத்து அம்மாவுக்குக் காட்டுவதற்காக அவற்றை மீண்டும் மெமரி கார்டில் போட்டேன். கணினியில் தெரிகின்றன, கேமராவிலோ ‘படங்கள் இல்லை’ என்று வருகிறது. கார்டு பழுதாகிவிட்டதா?

பதில் (முத்தியால்பேட்டை, புதுச்சேரி):
கார்டு பழுதாகியிருக்க வாய்ப்பு குறைவு. பெரும்பாலான கேமராக்கள், கார்டில் படங்களைச் சேமிக்கும் முறைக்கான டிசிஎஃப் என்ற பொதுவிதியைப் பின்பற்றுவதால், டிசிஐஎம் (DCIM) என்னும் ஃபோல்டருக்குள், 3 இலக்க எண்ணில் தொடங்கி 5 ஆங்கில எழுத்துகளிலோ எண்களிலோ முடியும் துணை ஃபோல்டரில் உள்ள படங்களையே தேடுகின்றன. கோப்பின் பெயரும் 4 ஆங்கில எழுத்து அல்லது எண், அதையடுத்து 4 இலக்கம் என்றே அமைய வேண்டும். ‘மாசிமகம் அம்மா’ என்று ஆசையாகப் பெயர் வைத்தால் கேமரா அதைக் கண்டுகொள்ளாது. கார்டில் வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அதைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்து, ஒரு படம் எடுங்கள். ஃபோல்டர் தானாக உருவாகிவிடும். உங்கள் படங்களை அதற்குள், அந்தப் படத்தின் பெயர் அமைப்பிலேயே, வேறு எண்கள் கொடுத்துப் போடுங்கள்.

பதில் (நெல்லிக்குப்பம்):
பெயர் சரியாக இருந்தும் சில படங்கள் திறக்காமல் போகலாம். திருத்தும் மென்பொருள் எக்ஸிஃப் தகவலை (எடுத்த நேரம், கேமரா போன்று படக் கோப்பிலேயே பதிவாகும் விவரங்களை) நீக்கியிருந்தாலோ, புரோகிரசிவ் ஜேபெக்காக (முதலில் மங்கலாகத் தோன்றிப் படிப்படியாகத் தெளிவாகும் பட வகையாக) சேமித்திருந்தாலோ, பல கேமராக்கள் அவற்றை ஏற்பதில்லை. ஆகவே திருத்தாத மூலப்படங்களையே போடுங்கள். டிவியில் யுஎஸ்பி வசதி இருந்தால் பென்டிரைவே போதும் என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்:
பெயரை மாற்றியதும் படங்கள் தெரிகின்றன. ஓரம் வெட்டிய படங்கள் மட்டும் வரவில்லை; அவற்றைப் பென்டிரைவில் காட்டிவிடுகிறேன். இருவருக்கும் மிக்க நன்றி.