இங்கிலாந்துக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், கெரட்டோகோனஸ் இருக்கிறது: கண் ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் வாங்குவது எப்படி

இங்கே கண் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போய்ப் பதிவு போட்டுவிட்டு உட்கார முடியாது. மதுரை அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் காட்டிப் பழகியவர்களுக்கு இது ஜீரணமாகக் கொஞ்ச நாள் ஆகும். என்ஹெச்எஸ்ஸில், அதாவது இங்குள்ள அரசு மருத்துவச் சேவையில், கருவிழி நிபுணரைப் பார்க்க வேண்டுமானால் யாராவது ஒருவர் உங்களுக்காகக் கடிதம் எழுத வேண்டும். ஆஸ்பத்திரியில் உங்கள் முகத்தையே பார்த்திராத ஒருவர் அதைப் படித்துவிட்டு இது அவசரமா, காத்திருக்கலாமா என்று பிரிப்பார், அதை வைத்துத்தான் தேதி கிடைக்கும். அதனால் நீங்கள் மெனக்கெட வேண்டிய இடம் அந்தக் கடிதம்தான். ரிசப்ஷனில் குரலை உயர்த்துவதால் ஒன்றும் நகராது.

எனக்கு இருப்பது கெரட்டோகோனஸ், இருபதுகளில் படிக்கவோ வேலைக்கோ வருகிற பிள்ளைகள் அதிகம் கேட்பதும் அதைத்தான், அதனால் அதை வைத்தே எழுதுகிறேன். கருவிழி மெலிந்து கூம்பாக முன்னே துருத்திக்கொள்ளும், கண்ணாடி எண் மாறிக்கொண்டே போகும், இரவில் விளக்குகளைச் சுற்றி நிழல் நிழலாகத் தெரியும். நம்மவர்களிடம் இது கூடுதல் என்பது இங்குள்ள டாக்டர்களுக்கும் தெரிந்ததுதான். லெஸ்டரில் நடந்து 2000-ல் வெளியான ஆய்வு ஒன்றில் தெற்காசியர்களிடம் இது வெள்ளையர்களைவிட நான்கு மடங்கு அதிகம் என்று வந்தது.

பலரும் முதலில் ஜிபியிடம் (பகுதியிலுள்ள பொது மருத்துவர்) அப்பாயின்ட்மென்ட் கேட்கிறார்கள். ஜிபியிடம் கருவிழியை அளக்கும் கருவி கிடையாது, அவரும் "ஆப்டிஷியனிடம் போய்ப் பாருங்கள்" என்றுதான் சொல்லப்போகிறார். ஆகவே முதலில் போக வேண்டியது கடைத்தெருவில் இருக்கும் கண்ணாடிக் கடைக்கு. ஸ்பெக்சேவர்ஸ், பூட்ஸ், விஷன் எக்ஸ்பிரஸ் எதுவானாலும் சரி, உள்ளே கண் பரிசோதிப்பவர் படித்துப் பதிவு பெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட். ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அவருக்கு அதிகாரம் உண்டு. சில பகுதிகளில் அவரே நேரடியாக அனுப்புவார், சில இடங்களில் ஜிபி வழியாகவோ ஒரு பொதுவான ரெஃபரல் மையம் வழியாகவோ போகும். அதற்காக ஜிபியிடம் பதிவு செய்யாமல் இருந்துவிடாதீர்கள், வந்த முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். இங்கிலாந்தில் அதற்கு முகவரிச் சான்றோ பாஸ்போர்ட்டோ கட்டாயமில்லை. "கரண்ட் பில் கொண்டுவா" என்று திருப்பி அனுப்பினால் அது விதி இல்லை என்று மரியாதையாகச் சொல்லுங்கள், பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும்.

பரிசோதனைக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும். 60 வயது ஆனவர்கள், நீரிழிவோ கிளாக்கோமாவோ (கண் அழுத்த நோய்) உள்ளவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ கிளாக்கோமா இருந்து 40 வயதைத் தாண்டியவர்கள், இப்படிச் சிலருக்கு இலவசம். கெரட்டோகோனஸ் அந்தப் பட்டியலில் இல்லை. விசாவோடு ஹெல்த் சர்சார்ஜ் என்ற என்ஹெச்எஸ் கட்டணத்தைக் கட்டியிருந்தாலும் (2024 பிப்ரவரி முதல் வயது வந்தோருக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு, மாணவர்களுக்கு 776) கண்ணாடிக் கடைச் செலவு அதில் அடங்காது. ஆஸ்பத்திரிச் செலவு அடங்கும். ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள், அங்கே எல்லோருக்கும் கண் பரிசோதனை இலவசம்.

இப்போது கடிதத்துக்கு வருவோம். ஊரில் காட்டிய ஃபைலை பெட்டியில் வைத்தே எடுத்து வாருங்கள். வந்துவிட்டீர்கள் என்றால் அம்மாவிடம் சொல்லி ஸ்கேன் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், போனில் சாய்வாக எடுத்த மங்கலான படம் வேண்டாம். முக்கியமானது கருவிழியின் வடிவத்தை அளந்து காட்டும் அந்தக் கலர் கலரான டோபோகிராபி, பென்டகாம் ஸ்கேன் தாள்கள். ஏன் என்றால் கெரட்டோகோனஸ் இருக்கிறது என்பது மட்டும் உங்களை வரிசையில் முன்னே தள்ளாது, அது கூடிக்கொண்டு போகிறது என்பதுதான் தள்ளும். கிராஸ்லிங்கிங் என்ற சிகிச்சையை (ரைபோஃபிளேவின் சொட்டு விட்டு புற ஊதா ஒளி காட்டிக் கருவிழியை இறுக்குவது) எந்தச் சிகிச்சை சரி என்று மதிப்பிட்டுச் சொல்லும் நைஸ் அமைப்பு 2013-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது, என்ஹெச்எஸ்ஸில் செய்கிறார்கள். ஆனால் அது நோய் கூடுவதை நிறுத்தத்தான், போன பார்வையைத் திருப்பித் தராது. எனவே கூடுகிறது என்பதற்கு அத்தாட்சி பார்ப்பார்கள், பல இடங்களில் ஒரு வருடத்துக்குள் கேமேக்ஸ் அளவு (கருவிழி மிகச் செங்குத்தாக வளைந்த இடத்தின் அளவு) ஒரு டயாப்டராவது ஏறியிருக்கிறதா என்று. கையில் பழைய ஸ்கேன் இல்லையென்றால் முதல் தடவை எடுப்பதுதான் உங்கள் முதல் அளவு, "சில மாதம் கழித்து வாருங்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுவார்கள். அந்தச் சில மாதங்களை ஒரு பழைய தாள் மிச்சப்படுத்தலாம். ஒரே வில்லங்கம், வேறு வேறு கருவியில் எடுத்த அளவுகளை அப்படியே ஒப்பிட முடியாது, அதனால் எந்தக் கருவியில் எடுத்தது என்று தெரிகிற முழுத் தாளாக இருக்கட்டும்.

ஆப்டோமெட்ரிஸ்டிடம் புக் செய்யும்போதே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், டோபோகிராபி கருவி இருக்கிறதா என்றும் கேளுங்கள். நிறைய கிளைகளில் இருக்காது. தனியார் சிறு கடைகளில் கூடுதலாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு எடுத்துத் தருவார்கள், அந்தக் காசு வீண் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் சும்மா "மங்கலாக இருக்கிறது" என்று சொல்லி நிறுத்தாதீர்கள். எந்த வருடம், எந்த ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள், கடைசியாக எண் எப்போது மாறியது, ஒவ்வொரு கண்ணிலும் கண்ணாடியோடு எதுவரை படிக்க முடிகிறது, கண்ணைக் கசக்கும் பழக்கமும் அலர்ஜியும் உண்டா, வேலையில் எது முடியாமல் போகிறது, இதெல்லாம் கடிதத்தில் ஏறினால்தான் படிப்பவருக்கு ஏதாவது புரியும். பழைய அளவும் புதிய அளவும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். நம் ஆட்களுக்கு டாக்டர் முன்னால் "பரவாயில்லை சார்" என்று சொல்கிற வியாதி ஒன்று தனியாக இருக்கிறது, அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். கடிதத்தின் பிரதி ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தயங்காமல் கொடுப்பார்கள்.

எந்த ஆஸ்பத்திரி என்பதும் ஓரளவு உங்கள் கையில்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் முதல் நிபுணர் சந்திப்புக்கு ஆஸ்பத்திரியைத் தேர்வு செய்ய நோயாளிக்குச் சட்டப்படி உரிமை உண்டு, பக்கத்து ஊரில் கார்னியா (கருவிழி) கிளினிக் நன்றாக இருந்தால் அதைக் கேட்கலாம். லண்டனில் மூர்ஃபீல்ட்ஸ் 1805-லிருந்து இயங்கும் கண் ஆஸ்பத்திரி, மான்செஸ்டரில் ராயல் ஐ ஹாஸ்பிடல் இருக்கிறது. பெயருக்காக மட்டும் தூரத்து இடத்தைப் பிடிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கெரட்டோகோனஸ் ஒரு நாளில் முடிகிற விஷயம் இல்லை, ஸ்கேன், லென்ஸ் பொருத்துவது என்று திரும்பத் திரும்பப் போக வேண்டும், ரயில் டிக்கெட் விலையை யோசித்துக்கொள்ளுங்கள்.

கடிதம் போன பிறகு என்ஹெச்எஸ் ஆப்பில் ரெஃபரல் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்ச நாள் பொறுத்தும் தெரியவில்லை என்றால் கடையில் கேளுங்கள், வழியில் காணாமல் போவதும் நடக்கிறதுதான். வீடு மாறினாலோ நம்பர் மாறினாலோ ஜிபிக்கும் ஆஸ்பத்திரிக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள். எண் மறைத்து வருகிற அழைப்பை எடுங்கள், ஆஸ்பத்திரியிலிருந்து அப்படித்தான் பெரும்பாலும் வரும். சொல்லாமல் ஒரு அப்பாயின்ட்மென்ட்டுக்குப் போகாமல் விட்டால் பெயரை நீக்கி ஜிபியிடமே திருப்பிவிடலாம், பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும். 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று ஓர் இலக்கு இருக்கிறது, கண் பிரிவில் கூட்டம் அதிகம், அதைத் தாண்டும் என்றே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். யாராவது ரத்து செய்த இடம் இருந்தால் உடனே வரத் தயார் என்று புக்கிங் பிரிவில் சொல்லி வைப்பது சில சமயம் பலிக்கும்.

காத்திருக்கும்போது பார்வை இன்னும் இறங்கினால் ஆப்டோமெட்ரிஸ்டிடம் திரும்பிப் போய் அளந்து, சீக்கிரப்படுத்தச் சொல்லி இன்னொரு கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். புது அளவு இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு, புலம்பலுக்கு இல்லை. கண்ணைக் கசக்குவதை அடியோடு நிறுத்துங்கள். ஊரில் அலர்ஜியே இல்லாதவர்களுக்கும் இங்கே வசந்த காலப் பூந்தூள் ஒத்துக்கொள்ளாமல் கண் அரிக்கலாம், அதற்கு சோடியம் குரோமோகிளைகேட் சொட்டு மருந்து மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும், லென்ஸ் போடுகிறவர்கள் பார்மசிஸ்டிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். கார் ஓட்டுகிறவர்கள், 20 மீட்டர் தூரத்திலிருந்து நம்பர் பிளேட்டைப் படிக்க முடிய வேண்டும் என்பது சட்டம். முடியவில்லையென்றால் சாவியைத் தொடாதீர்கள்.

திடீரென்று ஒரு கண் வலித்து, நீர் கொட்டி, வெளிச்சம் தாங்காமல் வெள்ளையாக மங்கினால் அது ரெஃபரலுக்குக் காத்திருக்கிற விஷயம் இல்லை. மின்னல் மாதிரி வெட்டுவது, புதிதாகப் புள்ளிகள் கொட்டுவது, திரை இறங்குவது போலத் தெரிவது, லென்ஸ் போடுகிறவருக்குக் கண் சிவந்து வலிப்பது இவையும் அப்படியே. அன்றைக்கே கண் அவசரப் பிரிவுக்குப் போங்கள், எங்கே என்று தெரியவில்லை என்றால் என்ஹெச்எஸ் உதவி எண்ணான 111-க்கு அடியுங்கள்.

கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். ஏற்கெனவே இருந்த நோயையும் நாள்பட்ட நோயையும் பெரும்பாலான பாலிசிகள் ஒதுக்கிவிடும், முதலில் அதைப் படியுங்கள். கையிலிருந்து கட்டி ஒரு தடவை தனியாரிடம் காட்டிவிட்டு மீதியை என்ஹெச்எஸ்ஸில் தொடரலாம், அதற்குத் தடையில்லை, ஆனால் அங்கே வரிசையில் யாரையும் தாண்டிப் போக முடியாது. லீவில் ஊருக்குப் போய் கிராஸ்லிங்கிங் செய்துகொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். வேகமாகக் கூடுகிறது, இங்கே தேதி தள்ளிப்போகிறது என்றால் அதில் தப்பே இல்லை. ஆனால் நான்கு நாள் லீவில் ஓடிப்போய்ச் செய்யாதீர்கள், கருவிழியின் மேல் படலம் ஆறி, அதுவரை கண்ணைப் பாதுகாக்கப் போடும் பாண்டேஜ் லென்ஸை எடுத்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு விமானம் ஏறுங்கள், டிஸ்சார்ஜ் சம்மரியும் புது ஸ்கேனும் கையோடு வரட்டும்.

அப்பா அம்மாவைச் சுற்றிப்பார்க்கக் கூப்பிட்டு அப்படியே கண்புரையையும் இங்கே பார்த்துவிடலாமா என்ற கேள்விக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்: விசிட்டர் விசாவில் வருகிறவர்களுக்கு ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கு என்ஹெச்எஸ் கட்டணத்தில் 150 சதவீதம் கேட்பார்கள், ஊரிலேயே முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.