பெல்ஜியம் பதக்கம் மூணு: எந்தக் காலத்ததுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மார்த்தாண்டம் பழசு:

மார்த்தாண்டத்துல பழைய பாத்திரம் எடுக்கிற கடையில, வெண்கலச் சாமானோட சேர்ந்து மூணு பெல்ஜியப் பதக்கம் வந்திருக்கு. மூணும் ஒரே வீட்டுச் சாமான்னு கடைக்காரர் சொல்றார்.

ஒண்ணு வெள்ளிச் சிலுவை. நடுவுல கறுப்பு எனாமல் வட்டம், அதுல சிங்கம், சுத்தி நீல வளையத்துல எழுத்து. பின்பக்கம் ரெண்டு எல் எழுத்து பின்னிக் கிடக்கு. நாடா நீலம், நடுவுல கறுப்புப் பட்டை. ரெண்டாவது வட்டமான வெண்கலம், ராணி முகம், பின்னாடி விளக்கோட ஒரு பெண், 1914-1916னு வருஷம். தொங்கவிடுற வளையத்து நடுவுல சிவப்புச் சிலுவை. மூணாவது, கரங்களுக்கு இடையில குறுக்கு வாள் வச்ச வெண்கலச் சிலுவை, மேலே கிரீடம்.

எதுலயும் பேர் வெட்டலை. 1897ல முளகுமூட்டுல சபை தொடங்கின மதர் மரி லூயிஸ் தெ மேஸ்டர் பெல்ஜியம்காரங்கதானே. அந்தக் கன்னியர் மடத்தோட இதுக்குத் தொடர்பு இருக்குமா? வெள்ளிச் சிலுவை ரெண்டாம் லியோபோல்ட் காலத்ததுன்னு எடுத்துக்கலாமா? கடைக்காரர் புளி போட்டுத் தேய்ச்சுத் தரேங்கிறார், சரிதானா?

செங்கோட்டை உரைகல்:

தம்பி, முதல்ல அந்தப் புளியை நிறுத்துங்க. குத்துவிளக்குக்குச் சரி, பதக்கத்துக்கு ஆகாது. புளியும் எலுமிச்சையும் வெண்கலத்தோட பழுப்பு மேல்தோலை உரிச்சுடும், அது மறுபடி அதே மாதிரி வராது. அதைவிட மோசம், எனாமல்ல கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தா புளித்தண்ணி உள்ள இறங்கி, அடியில இருக்கிற உலோகத்தை அரிச்சு, ஆறு மாசம் கழிச்சுச் சில்லு பெயரும்.

இப்ப காலக் கணக்கு. முதலாவது ரெண்டாம் லியோபோல்ட் விருது. 1900 ஆகஸ்டுல அந்த ராஜா காங்கோவுக்காக ஏற்படுத்தினது, 1908ல பெல்ஜிய நாட்டு விருதாச்சு. பின்பக்கத்து ரெட்டை எல் எழுத்தைப் பார்த்து அவர் ஆட்சிக்காலம்னு முடிவு கட்டிடாதீங்க. விருதை நிறுவினவரோட முத்திரை அது. அவர் 1909ல இறந்த பிறகும் அதே முத்திரையோடதான் அடிச்சுக்கிட்டு வராங்க.

காலம் காட்டுறது முன்பக்க நீல வளையம். லூனியோன் ஃபே லா ஃபோர்ஸ் (ஒற்றுமையே பலம்)னு பிரெஞ்சு வாசகம் மட்டும் வளையம் முழுக்க ஓடினா, 1951க்கு முந்தின அச்சு. வளையம் ரெண்டாப் பிரிஞ்சு ஒரு பாதியில ஏன்ட்ராஹ்ட் மாக்ட் மாஹ்ட்னு அதே பொருள்ல டச்சு வாசகமும் இருந்தா அதுக்குப் பிந்தினது. 1832ல வந்த லியோபோல்ட் விருதுக்கும் இதே கணக்குதான்.

ஆனா இதை எல்லாப் பதக்கத்துக்கும் போட்டுப் பார்க்கக்கூடாது, பலபேர் சறுக்குற இடம் இதுதான். சில போர்ப் பதக்கங்கள்ல ரெண்டு மொழியும் ஆரம்பத்துலேயே இருக்கு. 1919ல வந்த வெற்றிப் பதக்கம் அப்படித்தான், பிரெஞ்சும் டச்சும் இருக்கும்.

குளச்சல் கடலோரம்:

உங்க ரெண்டாவது, பெல்ஜிய ராணி எலிசபெத் பதக்கம். 1916 செப்டம்பர்ல ஏற்படுத்தினது. காயம்பட்டவங்களுக்கும் அகதிகளுக்கும் உழைச்சவங்களுக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, கொடுத்தது, வெளிநாட்டவருக்கும் உண்டு. சிவப்புச் சிலுவை வச்சது மருத்துவச் சேவைக்கு. சிலுவை இல்லாதது நிறைய கிடைக்கும், இருக்கிறது குறைவு. அதனாலேயே சாதாரணப் பதக்கத்துல பின்னாடி சிலுவையை ஒட்டி விக்கிறவங்க உண்டு. பத்து மடங்கு லென்ஸ்ல சிலுவையோட ஓரத்தைப் பாருங்க. வளையத்தோட சேர்ந்தே வந்ததுன்னா இணைப்பு சுத்தமா இருக்கும். ஒட்டுன சிலுவைன்னா பத்தவச்ச ஈயம் சாம்பல் நிறத்துல பிதுங்கி நிக்கும், இல்லாட்டி பசை மஞ்சளாத் தெரியும்.

பின்னாடி உள்ள 1914-1916 கொடுத்த வருஷம் இல்லை. அச்சில பதிஞ்ச வாசகத்தோட ஒரு பகுதி அது, போர் முடிஞ்ச பிறகு வாங்கினவங்களுக்கும் அதே பதக்கம்தான். இதைவிட ஏமாத்துறது முதலாம் ஆல்பர்ட் ஆட்சி நினைவுப் பதக்கம். 1909-1934னு போட்டிருக்கும், ஏற்படுத்தினதே 1962லதான்.

மூணாவது போர்ச் சிலுவை. இதுக்குப் பின்பக்கத்து முத்திரையையே நம்பலாம். ஏ எழுத்து இருந்தா ஆல்பர்ட் காலம், 1915 அக்டோபர்ல வந்த முதல் வகை. எல் எழுத்தோட ரோமன் மூணு இருந்தா மூணாம் லியோபோல்ட், அதாவது இரண்டாம் உலகப் போர். நாடாவும் மாறும். முதல் வகைக்குச் சிவப்புல அஞ்சு மெல்லிய பச்சைக் கோடு. ரெண்டாவதுக்கு நடு சிவப்பா இருக்க, ரெண்டு ஓரத்துலயும் மூணு மூணு பச்சைக் கோடு. முத்திரையையும் நாடாவையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்க. பழைய சிலுவையில புது நாடா மாட்டி வர்றது சர்வசாதாரணம், அது கள்ளச் சரக்குன்னு அர்த்தமில்லை. நாடாவுல பனையோலை மாதிரி ஒரு சின்ன உலோகம் இருந்தா அதுலயும் ஏ, எல் எழுத்து இருக்கும், கவனிங்க.

கொழிஞ்சாம்பாறை:

செங்கோட்டைக்காரர் வாசகத்தைச் சொன்னாருங்க, நான் உலோகத்தைச் சொல்றேன். வெள்ளிச் சிலுவையோட கிரீடம், கரத்து விளிம்பு, தொங்கும் வளையம், இந்த மூணு இடத்துலயும் கடுகை விடச் சின்ன முத்திரை இருக்கான்னு லென்ஸ் வச்சுத் தேடுங்க. விளக்கைப் பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிச்சாத்தான் தெரியும். காட்டுப்பன்றித் தலை இருந்தா பாரிஸ்ல செஞ்ச வெள்ளி. பெல்ஜிய விருதுகளைப் பிரெஞ்சுப் பட்டறைகளும் செஞ்சு வித்தாங்க. பீப்பாய் வடிவக் கட்டத்துக்குள்ள எழுத்து இருந்தா பெல்ஜியப் பட்டறை, 1942க்குப் பிறகு. அந்த வருஷம் வந்த முறைதான் பீப்பாய்.

நகைக்கடையில டச் (உலோகச் சுத்தம்) பார்க்கிற மெஷின்ல வைக்கிறதா இருந்தா, தேய்ஞ்ச இடத்துல வைக்கச் சொல்லுங்க. மெஷின் மேல்தோலைத்தான் படிக்கும், முலாம் போட்ட செம்பும் வெள்ளின்னு வரும். உரைகல்லும் அமிலமும் வேண்டவே வேண்டாம். அல்ட்ராசோனிக் தொட்டியில போட்டுக் கழுவித் தரேன்னு ஆசாரி சொன்னாலும் கொடுக்காதீங்க, விரிசல் விட்ட எனாமல் அந்த அதிர்வுலேயே கொட்டிடும்.

எனாமல் சூளையில சுட்டதா, பிசின் நிரப்பினதான்னும் பாருங்க. சுட்டது கண்ணாடி. சில்லு போன இடம் சிப்பி மாதிரி வளைஞ்சு, ஓரம் கூர்மையா, பளபளன்னு இருக்கும். பிசின்ல சில்லு போகாது. கீறல் விழும், விளிம்புல மழுங்கி உருண்டு நிக்கும். பழைய விருதுல பிசின் இருந்தா பின்னாடி பழுது பார்த்திருக்காங்க.

அச்சுல அடிச்ச அசலா, வார்ப்புல எடுத்த நகலான்னு தெரிய சிங்கத்தோட பிடரியைப் பார்த்தாப் போதும். அச்சுல அடிச்சது முடி முடியாப் பிரிஞ்சு தெரியும், பின்னணி வழவழன்னு இருக்கும். வார்ப்புல முடி கூழாயிருக்கும், பின்னணியில ஊசிக்குத்து மாதிரிப் புள்ளிகள்.

நாடாவுக்குப் புற ஊதா விளக்கு. ரூபாய் நோட்டு பார்க்கிற சின்ன டார்ச்சே போதும். இருட்டுல அடிச்சா பளீர்னு நீலமா ஒளிர்ற நூல் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தினது. ஒரு எச்சரிக்கை: யாராச்சும் சோப்புப் பொடி போட்டுத் துவைச்சிருந்தா பழைய பட்டும் ஒளிரும். அதனால ஓரத்துல பிரிஞ்ச நூல் ஒண்ணைக் கொளுத்திப் பாருங்க. பட்டு முடி கருகின வாசனையோட பொடியாகும், நைலான் உருகிக் குண்டாகும். காகிதம் எரிஞ்ச வாசனை வந்தா ரேயான் அல்லது பருத்தி, அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

மார்த்தாண்டம் பழசு:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. பார்த்துட்டேன். வெள்ளிச் சிலுவையில பிரெஞ்சு வாசகம் மட்டும்தான். தொங்கும் வளையத்துல பீப்பாய் முத்திரை இருக்கு. நாடா ஒளிரலை. போர்ச் சிலுவையில ஏ எழுத்து, ஆனா நாடாவுல ஓரத்துக்கு மூணு பச்சைக் கோடு. ராணிப் பதக்கத்துச் சிவப்புச் சிலுவை சுத்தமா இருக்கு, ஆனா தாடைப்பக்கம் வெளிர்ப்பச்சையாப் பொடி பூத்திருக்கு. மூணும் ஒரே சிவப்பு வெல்வெட் பெட்டியில வந்தது, மூடி உள்பக்கம் பிரஸ்ஸல்ஸ் கடைப்பேர் இருக்கு.

செங்கோட்டை உரைகல்:

பிரெஞ்சு மட்டும் இருக்கிற வாசகம் 1951க்கு முன்னாடி, பீப்பாய் 1942க்குப் பின்னாடி. அந்த இடைவெளிக்குள்ளதான் வெள்ளிச் சிலுவை. பழைய அச்சுல மிச்சம் இருந்ததைக் கொஞ்சநாள் கழிச்சு வித்திருக்கலாம், அதனால 1950களின் தொடக்கம் வரைக்கும் இழுத்துக்கலாம். ராஜா ரெண்டாம் லியோபோல்ட் காலத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. போர்ச் சிலுவை முதல் போருடையது, நாடா ரெண்டாம் போருடையது.

பெட்டியைத் திறந்து வெல்வெட்ல பதிஞ்ச பள்ளத்தைப் பாருங்க. எந்தப் பதக்கம் அந்தப் பள்ளத்துல அசையாம உக்காருதோ அதுக்குத்தான் அந்தப் பெட்டி. மத்த ரெண்டும் பின்னாடி வந்து சேர்ந்தது.

முளகுமூடு விஷயம். அங்க மட்டும் இல்ல, கொல்லம் மறைமாவட்டம் பூராவும் பெல்ஜியக் கார்மெல் சபைக் குருக்கள் வேலை செஞ்சிருக்காங்க, கோட்டாறு அதிலிருந்து பிரிஞ்சது 1930லதான். அதனால பெல்ஜியச் சாமான் இந்தப் பக்கம் கிடைக்கிறது அதிசயமில்லை. ஆனா பேர் சொல்ல ஆதாரம் வேணும். பெல்ஜியத்துல அரசு கொடுக்கிறது பட்டயம். சின்னத்தைப் பெரும்பாலும் வாங்கினவரே கடையில காசு கொடுத்து வாங்கிப்பார், பேரும் எண்ணும் இருக்காது. அந்தப் பட்டயம், இல்லாட்டி பதக்கம் குத்தின போட்டோ, கடிதம் எதுவும் கடைக்காரர்கிட்ட அதே மூட்டையில கிடக்குதான்னு கேளுங்க. பழைய பேப்பர்னு எடைக்குப் போறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க. அது இல்லாம "மடத்துச் சாமான்"னு சொல்லி விலை ஏத்தினா கொடுக்காதீங்க.

குளச்சல் கடலோரம்:

அந்த வெளிர்ப்பச்சைப் பொடி உப்புக் காத்தால வர்றது, இங்க எல்லா வெண்கலத்துக்கும் வரும். வழவழப்பா ஒட்டின கரும்பச்சைன்னா விட்டுடலாம். பொடியா உதிர்றதுன்னா உள்ள அரிச்சுக்கிட்டே போகும். நாடாவைக் கழட்டி வச்சுட்டு, லென்ஸ் வச்சுப் பார்த்துக்கிட்டே ஈர்க்கில் நுனியால பொடியை மட்டும் சுரண்டி எடுங்க. ஊசி வேண்டாம், கோடு விழும். அப்புறம் காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட வைங்க. ரெண்டு வாரம் கழிச்சு அதே இடத்துல மறுபடி பொடி பூத்திருந்தா, ஜெல் ஈரம் குடிச்சு நிறம் மாறியிருக்கான்னு பாருங்க. மாறியிருந்தா சூடுகாட்டி மறுபடி போடுங்க.

பச்சைக்கறை படிய வைக்கிற, மெத்துன்னு இருக்கிற பிவிசி பிளாஸ்டிக் உறை கூடாது. வெள்ளிச் சிலுவையை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டவும் கூடாது, அதுல உள்ள கந்தகம் பட்ட இடமெல்லாம் கறுப்புக் கோடு விழும்.

கொழிஞ்சாம்பாறை:

ஒண்ணு விட்டுப்போச்சுங்க. வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு அனுப்புற எண்ணம் இருந்தா, 1972 தொல்பொருள் சட்டம் நூறு வருஷம் தாண்டினதைத் தொல்பொருளாக் கணக்கு வைக்குது. உங்க வெள்ளிச் சிலுவை அந்தக் கணக்குல வராது. மத்த ரெண்டும் வரலாம். தபால்ல போடுறதுக்கு முன்னாடி தொல்லியல் துறையில தொல்பொருள் அல்லன்னு சான்றிதழ் கிடைக்குமான்னு கேட்டுக்குங்க, இல்லாட்டி சுங்கத்துல நின்னுடும்.