ரோட்பிளாட் விலகியதால் அணுகுண்டு நின்றதா?

வைகைக்கரை:
"விஞ்ஞானி கருவியைச் செய்கிறான், பாவம் அதை வெடிப்பவனுக்கு" என்று இங்கே அடிக்கடி எழுதுகிறார்கள். ஜோசப் ரோட்பிளாட்டைப் பற்றிக் கொஞ்சம் படியுங்கள். போலந்துக்காரர், இயற்பியலாளர். ஹிட்லர் முந்திக்கொள்வானோ என்ற பயத்தில்தான் 1944-ல் அமெரிக்கா ரகசியமாக அணுகுண்டு செய்துகொண்டிருந்த லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்குப் போனார். ஜெர்மனி குண்டு செய்யவில்லை என்று அந்த ஆண்டு இறுதியில் தெரிந்ததும் கிளம்பிவிட்டார். காரணத்தைச் சக விஞ்ஞானிகளிடம் சொல்லக் கூடாது என்று உத்தரவு. போலந்தில் சிக்கிய மனைவியைப் பற்றிய கவலை என்று ஒரு சாக்கு. உளவாளி என்ற சந்தேகம் வேறு. திரும்பும் வழியில் அவருடைய காகிதங்கள் இருந்த பெட்டியே காணாமல் போனது. அவரால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியவில்லை?

கணக்குப்பிள்ளை:
சரி, விலகினார். ஹிரோஷிமா தப்பித்ததா? ஆயிரக்கணக்கானவர்கள் வேலை பார்த்த இடத்தில் ஒருவர் எழுந்து போனால் இன்னொருவர் உட்காருவார். அவருடைய மனசாட்சி பிழைத்தது, அவ்வளவுதான். அணுகுண்டுத் திட்டத்தை விட்டுப் போகாத விஞ்ஞானி சிலார்டாவது, ஜப்பானுக்குச் சரணடைய வாய்ப்புத் தராமல் குண்டைப் போடாதீர்கள் என்று 1945 ஜூலையில் 70 பேரின் கையெழுத்தோடு அதிபர் ட்ரூமனுக்கு மனு எழுதினார்.

வைகைக்கரை:
அந்த மனு ட்ரூமன் கைக்குப் போகவே இல்லையே! வழியிலேயே முடக்கிவிட்டார்கள். உள்ளே இருந்து சாதித்தது இதுதானா?

மழைக்காகம்:
இரண்டு பேரும் 1945-லேயே நிற்கிறீர்கள். 1954 மார்ச் 1-க்கு வாருங்கள். பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டு எதிர்பார்த்ததைவிட இரண்டரை மடங்கு பெரிதாக, 15 மெகாடன் அளவில் வெடித்தது. தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகின் மேல் வெள்ளைச் சாம்பல் கொட்டியது. இருந்த 23 பேருக்கும் கதிர்வீச்சுப் பாதிப்பு. வானொலி இயக்குநர் குபோயாமா செப்டம்பரில் இறந்தார். அமெரிக்க அரசு ஆபத்தைக் குறைத்தே பேசியது.

அந்தச் சாம்பலை ஆராய்ந்த ஜப்பானிய விஞ்ஞானி நிஷிவாக்கி கொடுத்த அளவுகளை வைத்து ரோட்பிளாட் கணக்குப் போட்டார். ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைவதோடு வேலை முடியவில்லை, அதற்கப்புறம் யுரேனியம் பெருமளவில் பிளந்திருக்கிறது, நச்சுச் சாம்பல் இவ்வளவு வந்தது அதனால்தான் என்று கண்டுபிடித்து 1955-ல் வெளியிட்டார். குண்டுத் திட்டத்தின் சம்பளப் பட்டியலில் இருந்திருந்தால் அது ரகசியக் கோப்பில் தூங்கியிருக்கும்.

கணக்குப்பிள்ளை:
இதை மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பெயர் ஆயுதக் கட்டுப்பாடு அல்ல, அம்பலப்படுத்தல். காற்றிலும் நீருக்கடியிலும் விண்வெளியிலும் அணுகுண்டுச் சோதனையைத் தடைசெய்த 1963 ஒப்பந்தத்தைப் பாருங்கள். நிலத்தடிச் சோதனையையும் தடுக்க முடியாமல் போனது எதனால்? ரகசியமாக வெடிக்கிறார்களா என்று நேரில் வந்து சரிபார்க்க ஆண்டுக்கு 3 முறைதான் என்றது சோவியத், 7 வேண்டும் என்றது அமெரிக்கா. கத்திரிக்காய் பேரம் மாதிரி இழுத்து, கடைசியில் நிலத்தடியையே விட்டுவிட்டார்கள். முடிவெடுத்தது அரசியல்.

மழைக்காகம்:
பேரம் பேசவாவது ஒரு எண் எங்கிருந்து வந்தது? வெடிப்பையும் நிலநடுக்கத்தையும் எப்படிப் பிரித்தறிவது என்று 1958-ல் ஜெனீவாவில் இரு தரப்பு விஞ்ஞானிகளும் உட்கார்ந்து பேசினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே கனடாவின் பக்வாஷ் கிராமத்தில் இரு முகாம் விஞ்ஞானிகளும் கூடிப் பேசத் தொடங்கியிருந்தார்கள். அதில் முக்கியமானவர் இதே ரோட்பிளாட்தான். 1995-ல் நோபல் அமைதிப் பரிசை அவருக்கும் பக்வாஷ் மாநாட்டு அமைப்புக்கும் சேர்த்தே கொடுத்தார்கள்.

கணக்குப்பிள்ளை:
நோபலெல்லாம் சரி. அவருக்குத் திரும்பிப் போக லிவர்பூல் பல்கலைக்கழகம் இருந்தது. வீட்டுக் கடன் கட்டிக்கொண்டு ஏவுகணை ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்கும் இளம் பொறியாளருக்கு எந்த லிவர்பூல் இருக்கிறது? அதைச் சொல்லுங்கள்.