ஜிடிபி (GDB) டீபக்கரில் சொந்தக் கட்டளை எழுதி ஒரு படகின் முழுப் பயணத்தையும் பார்க்கலாமா?

உவர்மலைவாசி:
வணக்கம், திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். கொட்பேயிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிற பலநாள் படகுகளின் பயணப் பதிவுகளுக்காக ஒரு சின்னக் குழுவாக சி பிளஸ் பிளஸ்ஸில் ஒரு நிரல் எழுதி வருகிறோம். படகு ஆப்ஜெக்டுக்குள் ஒரு மேப், அதில் பயண எண்ணுக்கு ஒரு பயணம், பயணத்துக்குள் ஜிபிஎஸ் புள்ளிகள், அது நாங்களே எழுதிய லிங்க்ட் லிஸ்ட், ஒவ்வொரு புள்ளியிலும் இருக்கிற நெக்ஸ்ட் பாயின்டர் அடுத்த புள்ளியின் முகவரியைக் காட்டும். நிரலின் பிழையைத் தேட உதவுகிற ஜிடிபியில் பிரிண்ட் போட்டால் திரை முழுக்க ஹெக்ஸ் முகவரிதான் வருகிறது, அதுக்குள் அகலாங்கு 85700000, நெட்டாங்கு 812300000 என்று கிடக்கிறது, ஏனென்றால் ஒரு கோடியால் பெருக்கி முழு எண்ணாகத்தான் வைத்திருக்கிறோம். அடுத்த புள்ளியைப் பார்க்க மறுபடியும் ஒரு அம்புக்குறி போட வேண்டும், அதுக்கு அடுத்ததுக்கு இன்னொன்று. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: போட் 47 என்று அடித்தால் அந்தப் படகின் கடைசிப் பயணம் நேர வரிசையில் வர வேண்டும், நேரம் பின்னால் போகிற இடம் தெரிய வேண்டும். பெரும்பாலும் கையில் இருப்பது கோர் ஃபைல், அதாவது நிரல் செத்த நேரத்து நினைவகப் பிரதி, மட்டும்தான்.

மூதூர்க்காரன்:
செய்யலாம் தம்பி. 2009இல் வந்த 7.0 பதிப்பிலிருந்தே ஜிடிபிக்குள் பைதன் இருக்கிறது. ஆனால் இதில் இரண்டு வேலை கலந்து கிடக்கிறது, முதலில் அதைப் பிரியுங்கள். ஒரு புள்ளி எப்படித் தெரிய வேண்டும் என்பது ப்ரெட்டி பிரிண்டரின் வேலை, அதில் டு ஸ்ட்ரிங் என்கிற ஃபங்ஷன் மட்டும் எழுதினால் போதும்: எண்ணை ஒரு கோடியால் வகுத்து 8 பாகை 34.2 கலை வடக்கு, 81 பாகை 13.8 கலை கிழக்கு என்று திருப்பிக் கொடுங்கள், படகுக்காரர் சொல்கிற இடத்தோடு அப்படியே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதன் பிறகு சாதாரண பிரிண்ட், பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷனை எது கூப்பிட்டது என்ற பட்டியல்) எல்லாவற்றிலும் அதே வடிவம்தான் வரும். “நேரம் எங்கே பின்னால் போகிறது” என்பது ஒரு கேள்வி, அதுக்குத்தான் கட்டளை வேண்டும். ஜிடிபி டாட் கமாண்ட் கிளாஸிலிருந்து ஒரு கிளாஸ் எடுத்து இன்வோக் என்கிற மெதடை எழுதுங்கள், அடித்த 47 அதுக்குள் ஸ்ட்ரிங்காக வந்து சேரும். கிளாஸை எழுதினால் மட்டும் கட்டளை பதிவாகாது, கோப்பின் கடைசி வரியில் அதிலிருந்து ஒரு ஆப்ஜெக்ட் உண்டாக்க வேண்டும்.

அப்புறம் மேப்புக்குள் நீங்களே இறங்காதீர்கள். உள்ளே இருப்பது சிவப்பு-கறுப்பு மரம், அதன் உள் அமைப்பைத் தெரிந்துகொள்வது உங்கள் வேலை இல்லை. மேப்புக்கு ஏற்கெனவே இருக்கிற ப்ரெட்டி பிரிண்டரைத் தருகிற டிஃபால்ட் விஷுவலைசரைக் கூப்பிட்டு அதன் சில்ட்ரன் பட்டியலை எடுங்கள், சாவி, மதிப்பு, சாவி, மதிப்பு என்று மாறி மாறி வரும்.

கடற்காற்று:
மேலே சொன்னது எல்லாம் சரி. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று: கட்டளைக்குள்ளிருந்து உங்கள் நிரலின் ஃபங்ஷன் எதையும் கூப்பிடாதீர்கள், சைஸ் மாதிரி சின்னதைக்கூட. கோர் ஃபைலில் ஓடுகிற ப்ராஸஸே கிடையாது, அதனால் அங்கே அது நடக்காது. உயிரோடு இருக்கிற ப்ராஸஸில் கூப்பிட்டால், மற்ற த்ரெட்களை நிறுத்தி வைக்கிற ஷெட்யூலர் லாக்கிங் அமைப்பை நீங்கள் மாற்றி வைக்காத வரைக்கும், மற்ற த்ரெட்களும் சேர்ந்து ஓடும், பார்க்க வந்த டேட்டா பார்ப்பதற்குள் மாறிவிடும். நினைவகத்தை வாசிப்பதோடு நிற்கிற கட்டளைதான் இரண்டு இடத்திலும் நம்பத்தக்கது.

பாயின்டர் கெட்டுப்போன லிஸ்ட்டைத்தானே பார்க்கப் போகிறீர்கள், அதனால் கட்டளை அதைத் தாங்க வேண்டும். வந்த முகவரிகளை ஒரு செட்டில் போட்டுக்கொண்டே போங்கள், ஏற்கெனவே வந்த முகவரி மறுபடி வந்தால் சுழல் என்று எழுதிவிட்டு நிறுத்துங்கள். இன்னொன்று, ஜிடிபி மதிப்பை முன்கூட்டியே வாசிப்பதில்லை. டீரெஃபரன்ஸ் செய்கிற, அதாவது பாயின்டர் காட்டுகிற பொருளைக் கேட்கிற வரியில் ஒன்றும் ஆகாது, அதை இன்ட் ஆக்குகிற வரியில்தான் மெமரி எரர் வெடிக்கும். பிழையைப் பிடிக்கிற ட்ரை அந்த வரியையும் சுற்றி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதிப் பட்டியலோடு கட்டளை செத்துப்போகும்.

உவர்மலைவாசி:
மிக்க நன்றி அண்ணாமார். எழுதிப் பார்த்தேன், வேலை செய்கிறது. ஒரு புள்ளியின் நெக்ஸ்ட் அதுக்கு முந்திய புள்ளியையே காட்டுகிறது, சுழல் என்று அங்கேயே நின்றது. ஆனால் ரிலீஸ் பில்டில் (கம்பைலர் வேகத்துக்காகச் சுருக்கிய பதிப்பில்) படகுப் பட்டியலைக் கேட்டால் ஆப்டிமைஸ்ட் அவுட் என்கிறது. அதோடு அந்த நெக்ஸ்டை யார் மாற்றினார்கள் என்று கோர் ஃபைலில் கண்டுபிடிக்க முடியுமா?

மூதூர்க்காரன்:
ஆப்டிமைஸ்ட் அவுட் ஆனது லோக்கல் மாறிதான், ஹீப்பில் இருக்கிற பொருள் எங்கும் போகவில்லை. மேலே உள்ள ஃபிரேமுக்கு, அதாவது இதைக் கூப்பிட்ட ஃபங்ஷனுக்குப் போய் அங்கிருந்து பிடியுங்கள், அல்லது பட்டியலை ஒரு குளோபல் மாறி வழியாக எடுங்கள்.

யார் மாற்றினார் என்பதைக் கோர் ஃபைல் சொல்லாது, அதில் இருப்பது கடைசி நிலை மட்டும்தான். அதே பதிவுக் கோப்பை உயிரோடு ஓடுகிற நிரலுக்குக் கொடுத்து, சுழலில் வந்த அந்தப் புள்ளி உருவானவுடன் நிறுத்தி, அதன் நெக்ஸ்ட் இருக்கிற முகவரியில் வாட்ச் போடுங்கள், அந்த மதிப்பு மாறினவுடன் அது நிரலை நிறுத்தும். வாட்ச்சோடு மைனஸ் எல் சேர்க்க மறக்காதீர்கள், அப்போதுதான் ஃபங்ஷனை விட்டு வெளியே வந்த பிறகும் அது நிற்கும். எக்ஸ்86 ப்ராஸஸரில் ஹார்ட்வேர் வாட்ச்பாயின்டுக்கு இருக்கிற இடம் 4தான், அதனால் சந்தேகப்படுகிற புள்ளிக்கு மட்டும் போடுங்கள். எந்த வரியில் நின்றது என்று இங்கேயே எழுதுங்கள், பார்ப்போம்.