பழச்சாறுக் கடையில் மதிய உணவு: உடலுக்கு நல்லதா?

கேள்வி: ஆரோக்கிய உணவு என்று சாலட், ராப் (உள்ளே காய்கறி வைத்துச் சுருட்டிய ரொட்டி), பழச்சாறு விற்கும் சங்கிலிக் கடையில்தான் பெரும்பாலும் மதியம் சாப்பிடுகிறேன். உணவோடு பெரிய கோப்பைச் சாறும் வாங்குவது சரியா?

மறுமொழி 1: கவனிக்க வேண்டியது சாற்றைத்தான். பிழியும்போது நார்ச்சத்தின் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுகிறது. எஞ்சும் சர்க்கரையை, உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தேனைப் போலவே கட்டுப்படுத்த வேண்டியதாகக் கணக்கிடுகிறது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு உச்சவரம்பு சுமார் 50 கிராம், 400 மி.லி. ஆரஞ்சுச் சாற்றிலேயே ஏறத்தாழ 30 கிராம் இருக்கும்.

மறுமொழி 2: சாலட்டையும் முழுதாக நம்பிவிடாதீர்கள். அதன்மேல் ஊற்றும், எண்ணெயும் உப்பும் மிகுந்த டிரெஸ்ஸிங்கைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள்.

கேட்டவர்: ஸ்மூதி பரவாயில்லையா?

மறுமொழி 1: முழுப் பழத்தை அரைத்தால் நார்ச்சத்து ஓரளவு தங்கும். ஆனால் இனிப்புத் தயிரோ பாகோ சேர்க்கிறார்களா என்று விசாரித்து, சிறிய கோப்பையே வாங்குங்கள்.