பாணி மாற்றிய மெட்டல் குழுக்கள் விலைபோய்விட்டனவா?

கருநாடா

மெட்டல் என்ற கனத்த ராக் இசையை வாசிக்கும் குழு ஒன்று தன் பாணியை மாற்றிக்கொள்ளும்போதெல்லாம், கலைஞனுக்கு வளர உரிமை இல்லையா என்று அதன் ஆதரவாளர்கள் கேட்கிறார்கள். உரிமை உண்டு, அதில் எனக்கு மறுப்பே இல்லை. அந்த வளர்ச்சி ஏன் திரும்பத் திரும்பச் சந்தை இருக்கும் பக்கமாகவே நடக்கிறது என்பதுதான் என் கேள்வி. 1998, 1999 ஆகிய இரண்டு ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ராப்பும் துள்ளல் தாளமும் கலந்த நியூ மெட்டல் அலை ஓங்கியிருந்த அந்த நேரத்தில்தான் ஸ்லேயர் 'டயபோலஸ் இன் மியூசிகா'வில் கிதார்களின் சுருதியை இறக்கித் துள்ளல் தாளத்துக்கு வந்தது. மெஷின் ஹெட் 'த பர்னிங் ரெட்' ஆல்பத்தில் ராப் பாணிக் குரலைக் கொண்டுவந்தது. மெகாடெத் 'ரிஸ்க்' ஆல்பத்தில் த்ராஷ் என்ற அதிவேக மெட்டலை ஏறக்குறைய முழுதாகவே கைவிட்டு வானொலிக்கு ஏற்ற ராக் பாடல்களைத் தந்தது. வெவ்வேறு மனிதர்களுக்குள் தனித்தனியே எழுந்த படைப்பு வேட்கை, ஒரே பருவத்தில் இப்படிச் சந்தையோடு ஒத்துப்போகும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

மெட்டாலிகாவின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மோட்லி க்ரூவின் 'டாக்டர் ஃபீல்குட்' ஆல்பத்தைத் தயாரித்த பாப் ராக் என்பவரை அழைத்து, ரசிகர்கள் கருப்பு ஆல்பம் என்றழைக்கும் 'மெட்டாலிகா' ஆல்பத்தை 1991இல் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. 1996இல் 'லோட்' வந்தபோது அவர்கள் முடி வெட்டிக்கொண்டதைப் பற்றிப் பலர் கொதித்தார்கள். எனக்கு முடியைப் பற்றிக் கவலையில்லை. வேகம் போயிற்று, அந்த வேகத்துக்குள் இருந்த கோபமும் போயிற்று என்பதே என் வருத்தம். இதை விலைபோவது என்றுதான் நான் சொல்வேன்.

இரட்டைமிதி

நண்பர் கருநாடா அவர்களே, உங்களுக்கு வசதியான இரண்டு ஆண்டுகளை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டு வழக்காடுகிறீர்கள். நான் வேறோர் ஆண்டைச் சொல்கிறேன். நார்வேயின் டார்க்த்ரோன் குழு 1991இல் 'சோல்சைடு ஜர்னி' என்ற, உறுமல் குரலில் பாடும் டெத் மெட்டல் ஆல்பத்தை வெளியிட்டது. டெத் மெட்டலுக்கு உலகெங்கும் கேட்பவர்கள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த ஆல்பத்துக்கான டெத் மெட்டல் பாடல்கள் ஒத்திகையில் பதிவான நிலையில் அவர்களிடம் இருந்தன. அவற்றை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டு, கரகரத்த மெல்லிய கிதார் ஒலியும் வேண்டுமென்றே மெருகேற்றாத பதிவுமாக 'எ பிளேஸ் இன் த நார்தர்ன் ஸ்கை'யை உருவாக்கி 1992இல் வெளியிட்டார்கள். இந்த மாற்றத்தில் உடன்படாத பேஸ் கிதார் கலைஞர், தன் பகுதிகளை வாசித்துக் கொடுத்துவிட்டுக் குழுவை விட்டுப் போனார். அவர்களின் இசை நிறுவனமான பீஸ்வில்லே அதை வெளியிடத் தயங்கியது. இதைவிட முழுமையான பாணி மாற்றம் உண்டா? ஆனால் அவர்களை விலைபோனவர்கள் என்று யாரும் சொல்வதில்லை. கரடுமுரடான அந்த பிளாக் மெட்டல் வகையின் தூண்களாகத்தான் கொண்டாடுகிறோம். அப்படியானால் உங்கள் குற்றச்சாட்டு மாற்றத்தின் மீது அல்ல, மென்மையின் மீதுதான்.

மெட்டாலிகாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1988இல் வந்த '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தின் தலைப்புப் பாடல் பத்து நிமிடத்தை நெருங்குகிறது. பேஸ் கிதார் இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கிறது. மேடையில் அந்த நீண்ட பாடல்களை வாசித்துத் தாங்களே சலித்துப்போனதை அவர்கள் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். சிக்கலின் எல்லை வரை போன ஒருவர் எளிமையைத் தேடுவது இயல்பு. கருப்பு ஆல்பத்தில் இருக்கும் 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்', ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு குழுவுக்காக என்று எண்ணாமல் தனக்காக எழுதிய பாடல். குழுவிடம் காட்டவே தயங்கிய ஒன்றைச் சந்தைக்காகச் செய்த சரக்கு என்று எப்படிச் சொல்வது?

கருநாடா

டார்க்த்ரோனைக் குறித்து நீங்கள் சொன்னது முழுவதும் சரி. அது என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. இழப்பதற்குத் தயாராக மாறியவர்களை நான் குற்றம் சொல்லவில்லை. பெறுவதற்காக மாறியவர்களைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. 1982இல் மெட்டாலிகாவின் 'நோ லைஃப் டில் லெதர்' ஒலிநாடா கையோடு கையாக நகலெடுக்கப்பட்டு, தபாலில் ஊர் ஊராக, நாடு நாடாகப் போனது. எந்த வானொலியும் அந்தக் குழுவைச் சீண்டாத நாளில் அதைத் தூக்கி நிறுத்தியவர்கள் அந்த நாடாக்களைப் பரிமாறிக்கொண்ட இளைஞர்கள். அவர்களுக்குக் குழு அடிமை இல்லை என்பது உண்மை. ஆனாலும் அவர்கள் மனம் புண்பட்டதை வெறும் குறுகிய புத்தி என்று ஒதுக்குவது நியாயமாகாது.

மந்தகதி

இருவருமே புறப்பட்டுப் போவதைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். திரும்பி வருவதைப் பற்றியும் பேச வேண்டும். அதற்கு பாரடைஸ் லாஸ்டை விடப் பொருத்தமான குழு எனக்குத் தெரியவில்லை.

1991இல் 'காதிக்' ஆல்பத்தின் மூலம் காதிக் மெட்டல் என்ற ஒரு முழு வகைமைக்கே பெயர் தந்த குழு அது. 1995இல் 'டிராகோனியன் டைம்ஸ்' வந்தபோது உறுமல் மறைந்து, நிக் ஹோம்ஸ் கனத்த குரலில் பாடத் தொடங்கியிருந்தார். 1999இல் பெரிய நிறுவனமான ஈஎம்ஐ வழியாக 'ஹோஸ்ட்' வெளியானது. கிதார்கள் பின்னுக்குப் போய்விட, சிந்தசைசரும் மின்னணுத் தாளமும் முன்னே நின்றன. விலைபோனதற்கு இலக்கணமாக அன்று பலர் காட்டியது இந்த ஆல்பத்தைத்தான். நிறுவனம் பெரிது, ஒலி மென்மை, உறுமல் இல்லை. கருநாடா அவர்களின் அளவுகோலில் எல்லாமே பொருந்துகின்றன.

பிறகு நடந்ததைப் பாருங்கள். குழு மெல்ல மெல்லக் கிதார்களிடம் திரும்பியது. 2015இல் 'த பிளேக் விதின்' ஆல்பத்தில் உறுமலும் திரும்பி வந்தது. பழைய கேட்பவர்கள் மகிழ்ந்தார்கள், நானும் மகிழ்ந்தேன். கனமான இசைதான் தங்களிடம் எதிர்பார்க்கப்படுகிறது என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்த நேரம் அது. ஆனால் 2023இல் நிக் ஹோம்ஸும் கிதார் கலைஞர் கிரெகர் மெக்கின்டாஷும் என்ன செய்தார்கள்? 'ஹோஸ்ட்' என்ற அதே பெயரில் தனிக் குழு ஒன்றைத் தொடங்கி, அதே மின்னணுப் பாணியில் ஓர் ஆல்பத்தை வெளியிட்டார்கள். அப்படிச் செய்யும்படி யாரும் அவர்களைக் கேட்கவில்லை, ஈஎம்ஐ போன்ற பெரு நிறுவனமும் பின்னால் நிற்கவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஒலி அவர்களை விடவில்லை. அப்படியென்றால் 1999இல் இருந்தது உண்மையான விருப்பம் என்று ஏற்கத்தானே வேண்டும்? சந்தையை எண்ணிச் செய்தது எது என்று கட்டாயம் சொல்ல வேண்டுமென்றால், நாம் கைதட்டி வரவேற்ற அந்தத் திரும்புதலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டியிருக்கும்.

கருநாடா

இது என்னை யோசிக்க வைக்கிறது. இருந்தாலும் எதிர்ப்பக்கம் ஒன்றை வைக்கிறேன். செல்டிக் ஃப்ராஸ்ட் 1987இல் 'இன்டூ த பாண்டிமோனியம்' ஆல்பத்தில் யாரும் போகாத வழியில் போனது; அதைத் துணிச்சல் என்று இன்றும் போற்றுகிறோம். அடுத்த ஆண்டே 'கோல்டு லேக்' வந்தது. ஊதிவிட்ட முடியும் பகட்டான ஒப்பனை கொண்ட கிளாம் பாணியுமாக, அன்று விற்றுக்கொண்டிருந்ததன் நகலாக இருந்தது. குழுவின் தலைவர் டாம் வாரியரே பின்னாளில் அந்த ஆல்பத்தைக் கடுமையாக ஒதுக்கிவிட்டார். ஒரே குழு, ஓராண்டு இடைவெளி, இரண்டு மாற்றங்கள். இவற்றைக் காதால் கேட்டே பிரித்தறிய முடிகிறது. ஆகவே விலைபோவது என்று ஒன்றே இல்லை என்று வாதிடுவதை என்னால் ஏற்க முடியாது.

இரட்டைமிதி

இல்லை என்று நான் சொல்லவில்லை. நீங்கள் தீர்ப்பை மிக விரைவாக எழுதிவிடுகிறீர்கள் என்பதுதான் என் குறை. 'லோட்' ஆல்பத்தையே மறுபடி எடுங்கள். ஒரு குறுந்தகட்டில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவையும் நிரப்பி, ஏறக்குறைய 79 நிமிடங்களுக்கு நீள்கிறது. கடைசிப் பாடலான 'த அவுட்லா டார்ன்' பத்து நிமிடத்தை ஒட்டியது. அதன் முடிவில் சுமார் ஒரு நிமிடத்தைத் தகட்டில் இடமில்லை என்பதால்தான் வெட்டினார்கள், பின்னர் முழு வடிவத்தையும் தனியே வெளியிட்டார்கள். வானொலிக்காக உழைப்பவர்கள் இப்படியா உழைப்பார்கள்? பாடல்கள் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். எனக்கே அதில் சில பாடல்கள் தேவையற்றவையாகத் தோன்றுகின்றன. ஆனால் பிடிக்காமல் போனதற்காக நேர்மையைச் சந்தேகிப்பது வேறு விஷயம்.

கருநாடா

'லோட்' குறித்த வழக்கைத் தளர்த்திக்கொள்கிறேன். 'ரிஸ்க்' குறித்ததைத் தளர்த்த மாட்டேன். மந்தகதி அவர்கள் சொன்னதிலிருந்து ஒரு வழி கிடைக்கிறது: மாறிய பாணிக்கு வரவேற்பு இல்லாதபோது அந்தக் குழு என்ன செய்தது என்று பார்க்கலாம். 2011இல் 'ஹெரிட்டேஜ்' ஆல்பத்தில் உறுமலை விட்டதற்காக ஓபெத் வாங்கிய வசை கொஞ்சநஞ்சமல்ல. இருந்தும் 2014, 2016, 2019 என்று அடுத்தடுத்த மூன்று ஆல்பங்களிலும் அதே வழியில்தான் நடந்தார்கள். 2024இல்தான் உறுமல் திரும்பியது. மெகாடெத்தோ 'ரிஸ்க்' தோற்றதும் 2001இலேயே பழைய பக்கம் திரும்பிவிட்டது. அந்தப் பாணியின் மீது உண்மையான ஆசை இருந்திருந்தால் இன்னும் ஓர் ஆல்பமாவது அதில் நின்றிருப்பார்கள்.

இரட்டைமிதி

ஓபெத் குறித்து நீங்கள் இவ்வளவு சொன்னதே எனக்கு நிறைவு. ஆனால் சோதனை செய்து பார்த்து, சரிவரவில்லை என்று கண்டதும் விட்டுவிடுவதைக் குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ள என்னால் முடியவில்லை. 'ரிஸ்க்' எனக்கும் பிடிக்காத ஆல்பம்தான். அதைத் தோற்றுப்போன முயற்சி என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.