வால்பாறை ஏற்றத்தில் கொதித்துப்போன 2010 ஸ்விஃப்ட் டீசல்: ஹெட் வேலை போதுமா, இன்ஜினையே மாற்றணுமா?

ஆனைமலை_வண்டி (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. வண்டி 2010 ஸ்விஃப்ட் டீசல், 1248 சிசி மல்டிஜெட் இன்ஜின், 1,84,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அப்பா புதிதாக வாங்கியது, இன்று வரை வீட்டில் இருக்கும் ஒரே கார்.

போன ஞாயிறு ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறினோம். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று முன்னால் டெம்பரேச்சர் முள் சட்டென்று மேலே போனது. ஏசியை நிறுத்திவிட்டு, வியூ பாயிண்டில் ஓரம்கட்டலாம் என்று இரண்டாவது கியரிலேயே ஏறினேன். அங்கே போய்ச் சேருவதற்குள் முள் தானாகவே கீழே இறங்கிவிட்டது. சரி, ஏற்றத்தில் கொஞ்சம் சூடாகியிருக்கும் போல என்று நினைத்து நிற்காமல் இன்னும் மூன்று கிலோமீட்டர் போனேன். அப்புறம் இழுவை குறைந்தது, டக்டக் என்று ஒரு சத்தம், வண்டி அதுவாகவே நின்றுவிட்டது. பானெட்டைத் திறந்தால் மேல் ரேடியேட்டர் ஹோஸ் கிளிப் பக்கத்தில் கிழிந்து கிடக்கிறது, உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை.

இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, ஹோஸைச் சுற்றிக் கட்டி, தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்தேன். மூன்று சிலிண்டரில் ஓடுவது போல உதறியது, பின்னால் வெள்ளைப் புகை. உடனே அணைத்துவிட்டு டோ செய்து பொள்ளாச்சிக்குக் கொண்டுவந்தோம். இங்கே ஒரு மெக்கானிக் ஹெட்டைக் (இன்ஜின் பிளாக்கின் மேல் மூடி) கழற்றி ஃபேசிங் போட்டு (அடிப்பக்கத்தை மட்டமாக இழைத்து) கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) மாற்றினால் போதும், 40,000 ஆகும் என்கிறார். கோவையில் இன்னொருவர் திறக்கவே வேண்டாம், உக்கடத்தில் பழைய இன்ஜின் எடுத்து 85,000-க்கு மாட்டித் தருகிறேன் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

டீசல்_மாமா

தம்பி, முதலில் அந்த முள்ளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். டெம்பரேச்சர் சென்சார் அளப்பது தண்ணீரின் சூட்டை, இரும்பின் சூட்டை இல்லை. கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) முழுக்க வெளியே போய்விட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும், முள் இறங்கிவிடும். ஆக, நீங்கள் ஆறிவிட்டது என்று நினைத்த அந்த மூன்று கிலோமீட்டரில்தான் இன்ஜின் வெந்திருக்கிறது. ஏற்றத்தில் முள் மேலே போய்த் தானாக இறங்கினால் அந்த இடத்திலேயே அணைக்க வேண்டும், பத்து மீட்டர்கூட ஓட்டக்கூடாது.

இப்போது செய்ய வேண்டியது, யாரும் சாவியைத் திருப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் புகை வந்திருக்கிறது என்றால் ஏதோ ஒரு சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். டீசலில் பிஸ்டன் மேலே வரும்போது மிச்சமிருக்கும் இடம் மிகச் சின்னது, தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நான்கு க்ளோ பிளக்கையும் (சிலிண்டரைச் சூடேற்றி ஸ்டார்ட் ஆக உதவுவது) கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் (இன்ஜின் சுழலும் தண்டின் முனையில் இருப்பது) ஸ்பானர் போட்டுக் கையால் இரண்டு சுற்று சுற்றச் சொல்லுங்கள். தடையில்லாமல் சுற்றினால் பாதி நிம்மதி. எங்காவது பிடித்தால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் ஆயில் டிப்ஸ்டிக், ஃபில்லர் மூடி இரண்டையும் பாருங்கள், காபி நிறத்தில் குழம்பியிருக்கிறதா என்று, அப்படியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் (உள்ளே உண்டாகும் அழுத்தம்) எடுக்கச் சொல்லுங்கள், டீசலுக்கான கேஜில். பெட்ரோல் கேஜ் அந்த அழுத்தத்துக்குத் தாங்காது. எண்களை இங்கே போடுங்கள், அதைப் பார்க்காமல் 40,000 என்பதும் 85,000 என்பதும் வெறும் ஊகம்தான்.

ரிங்ரோடு77

நான் மூன்று வருடம் முன்னால் இதே நிலையில் பழைய இன்ஜின் போட்டவன். பிரச்சினை என்னவென்றால் அந்த இன்ஜின் எத்தனை லட்சம் ஓடியது என்று விற்றவருக்கே தெரியாது. எனக்கு வந்ததில் ஆறே மாதத்தில் டைமிங் செயின் (வால்வுகளை இயக்கும் செயின்) சத்தம் போட ஆரம்பித்தது, திரும்பவும் பிரித்தோம். இன்ஜின் நம்பர் மாறுவதால் ஆர்டிஓ-வில் ஆர்சி-யில் ஏற்ற வேண்டும், அதற்கு இன்ஜின் வாங்கிய பில் கேட்பார்கள், பில் இல்லாத இன்ஜினைத் தொடவே தொடாதீர்கள். உங்கள் வண்டிக்கு 15 வருடம் முடிகிற கணக்கும் இருக்கிறது, ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் எல்லாம் பார்ப்பார்கள்.

இன்சூரன்ஸில் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பி அலையாதீர்கள், சாதாரண பாலிசியில் மெக்கானிக்கல் பிரேக்டவுன் வராது.

ஆனைமலை_வண்டி

மிக்க நன்றி மாமா. நீங்கள் சொன்னபடியே செய்தோம். கையால் சுற்றும்போது எங்கும் பிடிக்கவில்லை, மூன்றாவது சிலிண்டரின் க்ளோ பிளக் துளையில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் வந்தது. ஆயில் சுத்தமாகத்தான் இருக்கிறது. கம்ப்ரெஷன் பார் கணக்கில் 26, 16, 15, 25.

லேத்_பட்டறை_கோவை

இரண்டும் மூன்றும் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர், இரண்டும் ஒரே அளவுக்குக் குறைவு. அந்த இரண்டுக்கும் நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறது என்பதற்கு இது நல்ல அடையாளம். ஓரத்து இரண்டிலும் 25-க்குக் குறையவில்லை, அதனால் அடி இன்ஜின் (பிளாக், பிஸ்டன்) பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஹெட்டை இறக்குங்கள். ஆனால் "ஃபேசிங் போட்டால் போதும்" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், இருபது வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன்.

இந்த இன்ஜினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட இரண்டு மடங்கு விரிகிறது. போல்ட் இறுக்கிப் பிடித்திருப்பதால் விரிய இடமில்லாமல் நடுவில் வில் மாதிரி வளைகிறது. ரொம்பச் சூடானால் உலோகமே மென்மையாகிவிடும். அப்படிப்பட்ட ஹெட்டை எவ்வளவு நேராக இழைத்துப் போட்டாலும் போல்ட் இறுக்கும்போது அமுங்கும், கொஞ்ச நாளில் கேஸ்கெட் மறுபடியும் போகும். அதனால் ஹார்ட்னஸ் டெஸ்ட் கண்டிப்பாகக் கேளுங்கள். அதற்கு முன்னால் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (நேர் சட்டம்) வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்கட்டும், நீளவாக்கிலும் குறுக்கு மூலையாகவும். பிறகு சுடுநீர்த் தொட்டியில் காற்றழுத்தம் கொடுத்து பிரஷர் டெஸ்ட். வால்வ் சீட் (வால்வு மூடி உட்காரும் வளையம்) இரண்டுக்கும் நடுவில் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும், அந்தத் தொட்டியில்தான் குமிழி வரும்.

டீசல் ஹெட்டை இஷ்டத்துக்கு இழைக்கவும் முடியாது. வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் இருப்பது மயிரிழை இடம், பல டீசல் ஹெட்களில் இழைக்கவே கம்பெனி அனுமதி கிடையாது. பிஸ்டன் பிளாக்கின் மட்டத்துக்கு மேல் எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று டயல் கேஜ் வைத்து அளந்து, அதற்கேற்ற தடிமனில் கேஸ்கெட் வாங்க வேண்டும்.

ஹெட் போல்ட் புதிதாகவே போடுங்கள். இழுபட்டு நிற்கும் போல்ட் அது, டார்க் (முறுக்கு விசை) வைத்து அப்புறம் கோணக் கணக்கில் இறுக்குவது. பிளாக்கின் போல்ட் துளைகளில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால் காற்றடித்து உலர்த்தச் சொல்லுங்கள், இல்லையென்றால் இறுக்கும்போது பிளாக்கே வெடிக்கும், என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்ஜெக்டர் அடியில் செம்பு வாஷர் நான்கும் புதிது. டைமிங் செயினும் அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் 1,84,000 ஓடியவை, எப்படியும் கழற்றத்தான் போகிறீர்கள், இப்போதே மாற்றிவிடுங்கள்.

ஹெட்டைத் தூக்கியதும் சிலிண்டர் சுவரில் விரலை ஓட்டிப் பாருங்கள். நகத்தில் தட்டுகிற கோடு இருந்தால் பிஸ்டனையும் கழற்றித்தான் ஆக வேண்டும். கோடில்லாமல், குறுக்குக் கோட்டு ஹோனிங் அடையாளம் (சுவரை இழைத்தபோது விழுந்த மெல்லிய கோடுகள்) தெரிந்தால் கீழே கை வைக்காதீர்கள்.

ஆனைமலை_வண்டி

எல்லோருக்கும் நன்றி, மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஹெட் நடுவில் 0.18 மி.மீ. வளைந்திருந்தது. பிரஷர் டெஸ்டில் மூன்றாவது சிலிண்டரின் வால்வ் சீட்டுகளுக்கு நடுவில் குமிழி வந்தது. ஹெட் வேலைக்கு ஆகாது. முதல் மெக்கானிக் சொன்னபடி ஃபேசிங் மட்டும் போட்டிருந்தால் 40,000 தண்ணீரில் போயிருக்கும். சிலிண்டர் சுவர்களில் நகம் தட்டவில்லை, அதனால் பிஸ்டனைத் தொடவில்லை. புது ஹெட், கேஸ்கெட், போல்ட், செயின் கிட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், எல்லா ஹோஸும் சேர்த்து 78,000 ஆனது. கம்ப்ரெஷன் இப்போது நான்கிலும் 25-க்கு மேல். பழைய கீழ் ஹோஸையும் அழுத்திப் பார்த்தேன், அதுவும் உள்ளே பிளந்துதான் இருந்தது. அப்பா பக்கத்தில் உட்கார ஊருக்குள் இருபது கிலோமீட்டர் ஓட்டினேன், முள் பாதிக்குக் கீழேயே நின்றது.

டீசல்_மாமா

ரொம்ப சந்தோஷம் தம்பி. ஊற்றியது வெறும் தண்ணீரா, கூலண்டா? கூலண்ட் பாதி, தாதுஉப்பு நீக்கிய தண்ணீர் பாதி ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். முதல் ஒரு வாரம் தினமும் காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலண்ட் டேங்க் மட்டத்தைப் பாருங்கள். ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினால் உடனே இங்கே எழுதுங்கள். ஆயிரம் கிலோமீட்டரில் ஆயிலை மாற்றிவிடுங்கள்.